நடைப்பிணமும் அச்சமும்

அச்சத்தை அகற்றுவதற்காகவே மனிதன் வீடு கட்டினான், விளக்கேற்றினான், வேலி அடைத்தான். அதே மனிதன் இன்று பணங்கொடுத்து, இருண்ட மண்டபத்தில் அமர்ந்து, அச்சத்தை விரும்பி வாங்குகிறான். திகிற்படங்கள் உலகெங்கும் பெற்றுள்ள வரவேற்பே இதற்குச் சான்று. அவற்றுள்ளும் ஒரு வகை தனித்து நிற்கிறது. இறந்தோர் எழுந்து நடக்கின்றனர், உயிருள்ளோரைக் கடிக்கின்றனர், கடியுண்டவர் சிறிது நேரத்தில் தாமும் அக்கூட்டத்திற் சேர்ந்துவிடுகின்றனர். ‘ஜாம்பி’ப் படங்கள் என இவை வழங்கப்பெறுகின்றன.

இவற்றைப் பார்ப்போர் ஒரே கருத்துடையவரல்லர். ‘அருவருப்பைத் தவிர இவற்றில் வேறு என்ன உண்டு?’ என்று கேட்பவர் உளர். ‘நல்லதொரு ஜாம்பிப் படம் கண்ணீரை வரவழைக்கும்’ என்று கூறுபவரும் உளர். இவ்விரு திறத்தாரும் பொய் கூறுபவரல்லர். அவர்கள் கண்ட படங்கள் வேறு வேறு. ஆகவே, இத்தகைய படம் எப்பொழுது சிறக்கிறது, எப்பொழுது வெறும் இரத்தக் காட்சியாய் முடிகிறது என்பதே ஆராயத்தக்கது. தமிழில் ‘நடைப்பிணம்’ என்றொரு சொல் உண்டு. அச்சொல்லை எவரும் பிணத்துக்கு வழங்குவதில்லை. உயிரோடிருந்தும் உணர்விழந்த மனிதனையே அது குறிக்கும். இப்படங்களின் இரகசியம் முழுவதும் அச்சொல்லினுள் அடங்கியிருக்கிறது.

அச்சத்தை விரும்புவது எப்படி என்ற வினாவுக்கு மன்னார்க் கரையிலேயே ஒரு விடை உண்டு. மன்னார்த் தீவுக்குத் தெற்கே, பெருநிலக் கரையில், அருவியாறு கடலோடு கலக்கும் இடத்துக்கு அணித்தாய் அமைந்த ஊர் அரிப்பு. முத்துக்குளிப்பினால் புகழ்பெற்ற கரை அது. குளிப்பைப் பார்வையிடுவதற்கென ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டுவித்த மாளிகையின் இடிபாடுகள், ‘அல்லிராணிக் கோட்டை’ என்னும் பெயரோடு, இன்றும் கடலரிப்புக்கு முன் நிற்கின்றன. அக்காலத்துச் சுழியோடிகள் சுறாவுக்கு அஞ்சினர். சுறாவின் வாயைக் கட்டுபவன் எனக் கருதப்பட்ட ‘கடல்கட்டி’ கரையில் நின்று மந்திரம் சொன்னாலன்றி அவர்கள் கடலில் இறங்கமாட்டார்கள். அரசாங்கமே கடல்கட்டிக்குச் சம்பளம் கொடுத்தது. 1859இல் வெளிவந்த தமது இலங்கை நூலில் எமேர்சன் தெனன்ற் இவ்வழக்கத்தைப் பற்றி எழுதியுள்ளார்.

மந்திரம் சுறாவைத் தடுத்ததோ இல்லையோ, அச்சத்துக்கு ஓர் எல்லை கட்டியது. எல்லை கட்டப்பட்ட அச்சத்தோடு மனிதன் ஆழத்தில் இறங்குவான். படமாளிகையின் சுவரும், திரையின் சட்டமும், கதை முடிந்ததும் எரியும் விளக்கும் இன்றைய பார்வையாளருக்குக் கடல்கட்டிகளே. டென்மார்க்கு நாட்டு ஆராய்ச்சியாளர் சிலர், பேய்வீடு ஒன்றுக்கு வந்த 110 பேரின் இதயத்துடிப்பை அளந்து, 2020இல் தம் முடிபை வெளியிட்டனர். அச்சம் மிகக் குறைந்தபொழுதும் இன்பம் இல்லை. மிகக் கூடியபொழுதும் இன்பம் இல்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையிலேயே மக்கள் மகிழ்ந்தனர் என்பது அவர்கள் கண்டது. எல்லையற்ற அச்சம் துன்பம். எல்லையுள்ள அச்சம் சுவை.

இனி, இந்த நடக்கும் பிணம் எங்கிருந்து வந்தது என்று நோக்குவோம். அதன் பிறப்பிடம் மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த ஹெய்ட்டி. பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டங்களில் ஆபிரிக்க அடிமைகள் மாண்டு மடிந்த நாடு அது. 1804இல் அவ்வடிமைகளே போராடி விடுதலை பெற்றனர். அடிமைக்கு இறப்பு ஒன்றே ஓய்வு. அந்த ஓய்வும் கிடையாமல், மந்திரவாதி பிணத்தை எழுப்பித் தோட்டத்தில் வேலை வாங்குவான் என்பதே அந்நாட்டவரின் அச்சம். அங்கே மக்கள் ஜாம்பியின் கடிக்கு அஞ்சவில்லை. தாமே ஜாம்பி ஆகிவிடுவோமோ என்று அஞ்சினர். 1915 முதல் 1934 வரை அமெரிக்கா ஹெய்ட்டியைத் தன் ஆட்சியில் வைத்திருந்த காலத்தில் இக்கதை அமெரிக்காவுக்குச் சென்றது. 1932இல் வெளியான ‘வைற் ஸொம்பி’ என்ற படத்தில், உணர்விழந்த மனிதர் கரும்பாலையைச் சுற்றிச் சுற்றித் தள்ளுகின்றனர். ஒருவன் இயந்திரத்துள் விழுகிறான். மற்றவர் திரும்பியும் பாராமல் தொடர்ந்து தள்ளுகின்றனர். கூச்சலும் இரத்தமும் இல்லாத அக்காட்சி இன்றும் நெஞ்சைக் கலக்குகிறது.

பிணத்தை மனிதரைத் தின்னும் கூட்டமாக மாற்றியவர் ஜோர்ஜ் ரொமேரோ. 1968இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஏறத்தாழ 1,14,000 டொலர் என்னும் சிறு தொகையில், ‘நைற் ஒவ் த லிவிங் டெட்’ என்ற படத்தை அவர் எடுத்தார். அதில் ஜாம்பி என்ற சொல்லே வருவதில்லை. ஒரு பண்ணை வீட்டில் சிலர் அகப்பட்டுக்கொள்கின்றனர். வெளியே இறந்தோர் சூழ்ந்து நிற்கின்றனர். உள்ளே இருப்போர் எங்கே ஒளிவது, யார் சொற்படி நடப்பது என்று சச்சரவு செய்து அழிகின்றனர். இரவு முழுவதும் தப்பி நின்ற கறுப்பின வீரனை, காலையில் உதவிக்கு வந்த கூட்டத்தார் பிணமென்று எண்ணிச் சுட்டுவிடுகின்றனர். இப்படத்திற்குப் பின் வந்தவை யாவும் இதன் வழிவந்தவையே.

இறந்தோர் எழும் கதை தமிழுக்குப் புதிதன்று. முருங்கை மரத்துப் பிணத்துட் புகுந்த வேதாளம் விக்கிரமாதித்தனுக்குக் கதை சொல்லும்; விடுகதை போடும். பரணி நூல்களில் பேய்கள் போர்க்களத்திற் கூழ் அடும். ஆயின் வேதாளத்துக்கு அறிவு உண்டு. பரணிப் பேய்க்கு நகைச்சுவை உண்டு. ஜாம்பிக்கு இரண்டும் இல்லை. அதனோடு பேசவும் முடியாது. அதனை வேண்டவும் முடியாது. இதுவே அதன் கொடுமை.

அச்சம் எவற்றால் தோன்றும் என்பதைத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நான்காக வகுத்துள்ளது. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. தெய்வமும் பேயும் போன்றவை அணங்கு. கொடிய மிருகம் விலங்கு. கள்வர் பிறர் பொருளைக் கவர்பவர். இறை என்பது ஆட்சியும் அதன் தண்டமும். பிற திகிற்படங்கள் இவற்றுள் ஒன்றையோ இரண்டையோ கொள்வன. சிறந்த ஜாம்பிப் படம் நான்கையும் ஒருங்கே கொள்கிறது. இறந்தோர் எழுவதால் அது அணங்கு. பல்லாற் கடிப்பதால் விலங்கு. ஒழுங்கு குலைந்த நகரிற் கொள்ளையிடுவோர் கள்வர். ஊரை அடைத்து, நோயாளியையும் நலமுடையோரையும் வேறுபாடின்றிச் சுடும் படை, தம் இறை. இவற்றோடு இளிவரல் என்னும் மெய்ப்பாடும் சேர்கிறது. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகியன இளிவரலின் நிலைக்களன்கள் என்பர். அழுகிய உடலைக் கண்டு பார்வையாளர் முகஞ்சுளிப்பதற்குக் காரணம், தம் உடலும் பிணிக்கும் மூப்புக்கும் உரியது என்ற நினைவேயாகும்.

பார்வையாளரிடையே நிலவும் சில வழக்குகளை இனிக் காண்போம். முதலாவது, பிணம் மெல்ல நடக்கவேண்டுமா, ஓடவேண்டுமா என்பது. ரொமேரோவின் பிணங்கள் தள்ளாடி நடப்பவை. 2002இல் வெளியான ‘28 டேய்ஸ் லேற்றர்’ என்ற பிரித்தானியப் படத்திலோ, வெறிநோய் பற்றிய மனிதர் பாய்ந்து ஓடிவருகின்றனர். அவர்கள் இறந்தோருமல்லர், நோயாளரே. ஓடுவது திடுக்கிடச் செய்யும். நடப்பது சோர்வடையச் செய்யும். ஒன்றை எளிதில் முந்திச் செல்லலாம். ஆயினும் அது உறங்காது, களைக்காது, எண்ணிக்கையிற் குறையாது. மரணமும் அவ்வாறே மெல்ல வருகிறது என்ற எண்ணம் பார்ப்பவர் மனத்தில் எழும். ஆகவே வேகம் முடிவான அளவுகோலன்று.

இரண்டாவது, காரணம் கூறவேண்டுமா என்பது. காரணத்தினும் விதியே முக்கியமானது. 2016இல் வெளிவந்த ‘ட்ரெயின் டு பூசான்’ என்ற கொரியப் படத்தில், கடியுண்டோர் கண்ணாற் கண்டாலே தாக்குவர். இருளில் அவர்களுக்குப் பார்வை இல்லை. கதவைத் திறக்கும் அறிவும் இல்லை. இவ்விதிகளை அறிந்த பார்வையாளர், புகையிரதம் சுரங்கத்துள் நுழையும்போதெல்லாம் பாத்திரங்களோடு சேர்ந்து திட்டமிடுகின்றனர். விதியை இயக்குநர் தம் வசதிக்கேற்ப மாற்றினால், அச்சம் அந்தக் கணமே கலைந்துவிடும்.

மூன்றாவது, நகைச்சுவை பொருந்துமா என்பது. 2013இல் இந்தியில் வந்த ‘கோ கோவா கோன்’, 2019இல் தமிழில் வந்த ‘ஜாம்பி’ ஆகியன சிரிப்பையே முதலாகக் கொண்டவை. நகைக்கு எள்ளலும் பேதைமையும் நிலைக்களன்களாம் என்ற இலக்கணப்படி, ஆபத்தின் நடுவே மனிதர் காட்டும் அறியாமை சிரிப்பைத் தருவது இயல்பே. ஆனால் எவர் இறந்தாலும் சிரிப்பே வருமாயின், அங்கே அச்சத்துக்கு இடமில்லை.

இவ்வழக்குகளுக்கெல்லாம் அடியில் ஓர் உண்மை இருக்கிறது. அறியாத பிணம் அருவருப்பை மட்டுமே தரும். அறிந்த முகம் பிணமாக மாறுவதே அச்சத்தைத் தரும். ரொமேரோவின் படத்தில் நெஞ்சை நடுக்குவது வெளியே நிற்கும் கூட்டமன்று. நிலவறையிற் காய்ச்சலோடு கிடந்த சிறுமி எழுந்து பெற்ற தாயையே கொல்லும் காட்சியே அது. தாயால் மகளை எதிர்க்க முடியவில்லை. கொரியப் படத்திலும், கடியுண்ட தந்தை, தன் அறிவு மங்கும் இறுதிக் கணத்தில், பிறந்த குழந்தையைக் கையில் ஏந்திய நாளை நினைந்து, மகளை விட்டு விலகிப் புகையிரதத்திலிருந்து வீழ்ந்து மடிகிறான். அதன் முடிவில், சுரங்கத்தின் மறுபுறம் நிற்கும் படைவீரர், வருவது மனிதரோ பிணமோ என்று அறியாது துப்பாக்கியைக் குறிவைக்கின்றனர். அழுதுகொண்டே சிறுமி பாடும் பாட்டு அவர்கள் காதில் விழுகிறது. பாட்டினால் அவள் மனிதர் என்று அறியப்படுகிறாள், துப்பாக்கி தாழ்கிறது.

தமிழில் முதல் ஜாம்பிப் படம் என்று விளம்பரம் பெற்றது ‘மிருதன்’. சக்தி சௌந்தர் ராஜன் இயக்கி, ஜெயம் ரவி நடித்து, 2016இல் வெளிவந்தது. உதகமண்டலத்தில், கசிந்த இரசாயனத்தைக் குடித்த நாய் ஒன்று காவலாளியைக் கடிக்கிறது. அவர் வீட்டுக்குச் செல்கிறார். நோய் ஊருக்குப் பரவுகிறது. புதிய முயற்சி என்று அதனை வரவேற்றோர் உண்டு. காதற் பாட்டுகள் அச்சத்தின் இறுக்கத்தைத் தளர்த்தின என்று குறைகூறியோரும் உண்டு. ஆயினும் அப்படத்தின் நாடி, போக்குவரத்துப் பொலிசாகிய அண்ணனுக்கும் தங்கைக்கும் இடையிலான பாசமே. பலரைக் காக்கும் அவ்வண்ணன் இறுதியில் தானே நோய்க்கு இரையாகிறான். குறைகளைப் பட்டியலிடுவோரும் அந்த உறவை மறுப்பதில்லை.

இவ்வுண்மையை மணிமேகலை ஆசிரியர் நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தார். சக்கரவாளக் கோட்டத்துச் சுடுகாட்டில், பேய்மகள் ஒருத்தி பிணத்தின் தலையை ஏந்தி ஆடக் கண்ட சார்ங்கலன் என்னும் சிறுவன் அஞ்சி ஓடி, தாயிடம் வந்து உயிர்விடுகிறான். கதை பேயோடு நின்றுவிடவில்லை. மகனின் உயிருக்கு ஈடாகத் தன்னுயிரை ஏற்குமாறு தெய்வத்திடம் வேண்டும் தாய் கோதமையிடம் அது செல்கிறது. பேய் ஒரு கணம் நிற்கிறது. தாயின் துயரம் காதை முழுவதும் நிற்கிறது.

இங்கு இன்னொன்றையும் கருதவேண்டும். நாய்க்கடியில் தொடங்கும் ‘மிருதன்’ கதை உண்மையான ஒரு நோயின் நிழல். விசர்நாயின் உமிழ்நீரிலுள்ள வைரசு கடிவாய் வழியே புகுந்து மூளையைத் தாக்கும். தண்ணீரைக் கண்டாலே நோயாளி நடுங்குவார். அறிகுறி தோன்றியபின் அந்நோயைக் குணமாக்குவது அரிது. ஆயினும், கடித்தவுடன் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதியாமல் வைத்தியசாலையில் தடுப்பூசி பெற்றால் உயிர் காக்கப்படும். பாஸ்டர் 1885இல் ஒரு சிறுவனுக்கு முதன்முதல் அவ்வூசியைச் செலுத்தினார். படத்தில் கடியுண்டவனைச் சுடுவதே வழி. வாழ்க்கையில் கடியுண்டவனை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதே வழி. இவ்வேறுபாட்டை மறந்தால், விளையாட்டாய்த் தொடங்கிய அச்சம் தீங்காய் முடியும்.

அவ்வாறு முடிந்ததற்கு மன்னார்க் கரையின் வரலாறே சான்று. 19ஆம் நூற்றாண்டில் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கென, தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் படகில் வந்து இக்கரையில் இறங்கினர். அங்கிருந்து மாத்தளை வரை, நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியைக் கால்நடையாகக் கடந்தனர். பசியும் காய்ச்சலும் வாந்திபேதியும் வழியில் அவர்களை வாட்டின. விழுந்தோர் பலர் விழுந்த இடத்திலேயே கைவிடப்பட்டனர். எலும்பும் தோலுமாய்த் தள்ளாடி வந்தோரை, நோய் கொண்டுவருவோர் என்று வழியோர ஊரவர் அஞ்சினர். ஹெய்ட்டியின் கரும்புத் தோட்டம் ஈன்ற நடைப்பிணக் கதையின் உண்மை உருவம், இலங்கையின் தோட்டப் பாதையிலும் நடந்து சென்றது. அவர்கள் பிணங்களல்லர், தாய் தந்தையரைப் பிரிந்து வந்த மனிதர். அவர்களின் பெயர் கேட்டு, தண்ணீர் கொடுக்க ஆள் இருந்திருந்தால், பலர் பிழைத்திருப்பர்.

ஆளில்லாத ஊரும் இப்படங்களில் தவறாது வரும் காட்சி. திறந்து கிடக்கும் கதவு, அடுப்பில் விட்டுவந்த பானை, தெருவிற் சிதறிய துணி ஆகியன பிற நாட்டவருக்குக் கற்பனை. முசலிப் பகுதி மக்களுக்கு அவை அனுபவம். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, அப்பகுதியின் பல ஊர்கள் வெறுமையாயின. 2007 செப்டெம்பரில் சிலாவத்துறையில் நடந்த படை நடவடிக்கையின்போது, அரிப்பை அண்டிய கரையோர மக்களும் வீடுவாசலை விட்டு நீங்கினர். எதை எடுப்பது, யாரைச் சுமப்பது, நடக்க இயலாத முதியவரை என் செய்வது என்ற வினாக்கள் அன்று எழுந்தன. நல்ல ஜாம்பிப் படம் கேட்கும் வினாக்களும் இவையே. ஆகவே இத்தகைய படத்தைக் காணும்பொழுது ஒரு முதியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அதனைக் கோழைத்தனம் என்று இளையோர் நகைக்கலாகாது. கடல்கட்டி கட்டிய எல்லை ஒரே அகலமுடையதன்று; துன்பம் கண்டவருக்கு அது குறுகியது.

2020 மார்ச்சு 20ஆம் நாள் இலங்கை முழுவதும் ஊரடங்கு பிறந்தபோது, எல்லா ஊர்த் தெருக்களும் அக்காட்சியைக் கண்டன. அக்காலத்தில் அமெரிக்கரிடையே 310 பேரைக் கொண்டு நடத்தப்பெற்று 2021இல் வெளியான ஓர் ஆய்வு, திகிற்பட விருப்பினரிடம் மனக்கலக்கம் சற்றுக் குறைவாயிருந்தது என்றும், ஜாம்பிப் படம் போன்ற பேரழிவுக் கதைகளை விரும்புவோர் நெருக்கடிக்குக் கூடிய ஆயத்தத்தோடு இருந்தனர் என்றும் கண்டது. படமே அதற்குக் காரணம் என்று அவ்வாய்வு நிறுவவில்லை. இயல்பிலே துணிவுடையோர் அப்படங்களை நாடியிருத்தலும் கூடும். எனினும், கதையில் ஒரு முறை கடந்த அச்சம் வாழ்விற் பழகிய அச்சமாகலாம் என்று கருத இடமுண்டு. அதே காலத்தில், நோயுற்றோர் வீட்டைச் சுட்டிக்காட்டி ஒதுங்கியோரும் நம்மிடையே இருந்தனர். கொரியப் படத்தில், தப்பி வந்தவர்களை நோயுடையோர் என்று கூறிக் கதவடைக்கும் பயணிகளைப் போன்றவர் அவர். கடிக்கும் கூட்டத்தினும் அப்பயணிகளையே பார்வையாளர் மிகுதியும் வெறுக்கின்றனர். அவ்வெறுப்பு படமாளிகையோடு நின்றுவிடலாகாது.

இப்படங்கள் இன்று கைத்தொலைபேசி வழியே சிறுவர் கைக்கும் எட்டுகின்றன. முழுவதும் தடுப்பது எளிதன்று. தனியே விடுவதும் தகாது. சிறு குழந்தைகளுக்கு இவை ஏற்றவையல்ல. வளர்ந்த பிள்ளைகளோடு பெற்றோரோ மூத்த சகோதரரோ உடனிருந்து பார்த்தல் நன்று. முடிந்தபின், ‘எந்தப் பிணம் பயங்கரமாயிருந்தது?’ என்று கேட்பதிலும், ‘யார் கதவைத் திறந்தார்? யார் அடைத்தார்? நீயாயின் என்ன செய்திருப்பாய்?’ என்று கேட்பது பயன் தரும். பிள்ளையின் விடையில் அதன் உள்ளம் தெரியும். படத்தின் தரமும் தெரியும். அவ்வினாக்களுக்கு விடை கூற இடந்தராத படம், எத்துணை இரத்தம் சிந்தினும் வெறும் படமே. உறவை மறந்து நடப்பதுதான் நடைப்பிணம்; அந்நிலை உயிருள்ளோருக்கும் நேரக்கூடும் என்று உணர்த்தும் படமே அச்சப்படத்தின் கடமையை நிறைவேற்றியதாகும்.